சரிவில் நிற்கும் கியர் காருக்கு ரப்பர் தடுப்புக் கட்டை: வாங்கலாமா?

நீலகிரியில் வீட்டு வாசல் சமதளமாக அமைவது அபூர்வம். சாலையிலிருந்து இறங்கியோ ஏறியோதான் காரை நிறுத்த வேண்டியிருக்கிறது என்பதால், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு டயருக்கு ஒரு கருங்கல்லை அண்டக் கொடுத்துவிட்டுப் போவது இங்கே பலருக்கும் பழக்கம். அந்தக் கல்லுக்குப் பதிலாக விற்கப்படும் ரப்பர் தடுப்புக் கட்டையில் ஒரு ஜோடி வாங்கி, மழைக்காலம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். உதிரிபாகக் கடைகளில் ‘வீல் ஸ்டாப்பர்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். தரையில் போல்ட் அடித்துப் பொருத்தும் நீண்ட பட்டைக்கும் அதே பெயர்தான் என்பதால், கையில் எடுத்துச் செல்லக்கூடிய கட்டை வேண்டும் என்று சொல்லிக் கேட்பது நல்லது. ஜோடியின் விலை 700 ரூபாய்க்குள் அடங்கியது.

கட்டையைப் பற்றிப் பேசுமுன், அது எதற்குத் துணை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆறடிக்கு ஓரடி உயரும் சரிவில், 1000 கிலோ எடையுள்ள காரை ஏறத்தாழ 160 கிலோ எடைக்குச் சமமான விசை கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதைத் தாங்க வேண்டிய முதல் ஆள் ஹேண்ட் பிரேக். பெரும்பாலான சிறிய கார்களில் அது கேபிள் வழியாகப் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது; கேபிள் தளர்ந்தாலோ பிரேக் ஷூ தேய்ந்தாலோ பிடியும் குறைந்துவிடும். இரண்டாவது ஆள் கியர். இன்ஜின் அணைந்திருக்கும்போது கியரில் இருந்தால், சக்கரம் உருள வேண்டுமானால் சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் காற்றை அழுத்தி இன்ஜினையே சுற்றியாக வேண்டும். முகப்பு மேட்டை நோக்கியிருந்தால் முதல் கியர், பள்ளத்தை நோக்கியிருந்தால் ரிவர்ஸ் என்பது பழைய பாடம். இந்த இரண்டு கியர்களிலும்தான் இன்ஜினின் எதிர்ப்பு சக்கரத்துக்கு மிகுதியாகப் போய்ச் சேர்கிறது; தவறிச் சாவியைத் திருப்பினாலும் வண்டி மேட்டை நோக்கியே முட்டும். முன்சக்கர இயக்கமுள்ள காரில் கியர் முன்சக்கரங்களையும் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களையும் பிடித்துக்கொள்வதால், இரண்டையும் போட்டால் நான்கு சக்கரங்களும் கட்டுப்பட்டிருக்கும். நியூட்ரலில் விட்டுவிட்டு ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்புபவர்கள் பாதிப் பிடியைத் தாமாகவே விட்டுக்கொடுக்கிறார்கள்.

இதில் வரிசையும் முக்கியம். கால் பிரேக்கை அழுத்தியபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலுக்கு வந்து, காலை மெல்ல எடுத்து, வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகு, மீண்டும் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துக் கியரைப் போட்டு இன்ஜினை அணைக்க வேண்டும். இப்படிச் செய்தால் கியர்ப்பெட்டி மீது ஓயாத சுமை விழாது. புதிய கார்களில் ‘ஹில் அசிஸ்ட்’ இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது மேட்டில் கிளம்பும்போது ஓரிரு விநாடி பிரேக்கைப் பிடித்து வைக்கும் உதவி. நிறுத்திவிட்டுப் போன வண்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இத்தனைக்கும் பிறகு மூன்றாவது ஆளாக வருவதுதான் கட்டை. நான் வாங்கியது கனமான கறுப்பு ரப்பர். டயரை ஒட்டும் பக்கம் உட்குழிந்து வளைந்தும், அடிப்பக்கம் வரிவரியாகவும், ஓரத்தில் இரவில் ஒளிரும் மஞ்சள் பட்டையுடனும் இருக்கிறது. காய்ந்த சிமென்ட் தரையிலும் தார்ச்சாலையிலும் குறை சொல்ல ஏதுமில்லை. கால் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை மெல்ல விடுவித்தபோது, டயர் அரை அங்குலம் இறங்கிக் கட்டையின் வளைவில் அமர்ந்தது. ரப்பர் சற்று நசுங்கி, அடிவரிகள் தரையைக் கவ்விக்கொண்டன. தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் போல, சக்கரத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டிச் செருக வேண்டும். இடைவெளி விட்டால், உருண்டு வரும் வேகத்தில் டயர் ஏறிக் கடந்துவிடக்கூடும்.

பாசி பிடித்த ஈரத் தரையில்தான் இதன் குணம் மாறியது. டயரும் கட்டையும் சேர்ந்தே அரையடி வழுக்கின. பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துக் கழுவிய பிறகு அதே இடத்தில் அசையாமல் நின்றது. ஆகவே குறை முழுவதையும் கட்டையின் தலையில் கட்ட முடியாது. ஆனால் ‘எந்தத் தரையிலும் வழுக்காது’ என்று உறையில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். உயரத்திலும் கவனம் தேவை. டயரின் உயரத்தில் கால்பங்காவது கட்டை இருப்பது பொதுவான அளவு. 60 சென்டிமீட்டர் டயருக்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒல்லியான மலிவுக் கட்டைகள் பலவும் தேறாது.

இந்தக் கட்டை தன் விலைக்கு ஈடுகட்டுவது, என் கணிப்பில், அன்றாட நிறுத்தத்தைவிட வேறு இரண்டு இடங்களில். ஒன்று, வண்டியை வாரக்கணக்கில் எடுக்காமல் போடுவது. ஈரக்காற்றில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடி விட்டால், பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, பிறகு வண்டி நகர மறுக்கும். சமதளத்தில் கியரில் போட்டு, ஒரு சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டையைச் செருகிவிட்டால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தே வைக்கலாம். மற்றொன்று, பஞ்சர். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும் ஹேண்ட் பிரேக்கின் பாதி வேலை அந்தரத்தில் தொங்குகிறது. அப்போது குறுக்கு எதிரில் உள்ள முன்சக்கரத்துக்குக் கட்டை போடாமல் ஸ்டெப்னி மாற்றுவது துணிச்சல் அல்ல.

கல்லே போதாதா என்றால், அவசரத்துக்குப் போதும்தான். ஆனால் உருண்டைக் கல் தானும் உருளும். கிளம்புபவர் அதைச் சாலையிலேயே விட்டுப் போக, இரவில் வரும் இருசக்கர வாகனக்காரர் விழுகிறார். தச்சரிடம் சொல்லிக் கடினமான மரத்தில் ஆப்பு வெட்டிக்கொள்வது மலிவு. மழையில் ஊறினால் சிமென்டில் வழுக்குகிறது என்பது மட்டுமே அதன் குறை. ஓட்டுநர் இல்லாமல் வண்டி தானாக நகராதபடி பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோதான் பொது இடத்தில் நிறுத்த வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவே சொல்கிறது. அந்த ஏற்பாடு எதனால் ஆனது என்பது நம் விருப்பம்.

எனக்கு உண்மையாகவே எரிச்சலூட்டியது கயிறு. கட்டையின் பக்கவாட்டில் வளையத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள், ஆனால் கயிறு தரவில்லை. பாரம் அமர்ந்த கட்டையைக் காலால் உதைத்து எடுக்க முடியாது. வண்டியைச் சற்று மேட்டுப்பக்கம் நகர்த்திப் பிடித்துக்கொண்டால்தான் விடும், அந்த நேரத்தில் சக்கரத்தருகே யாரும் கையை நீட்டக் கூடாது. இரண்டு முழ நைலான் கயிற்றை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். மறுமுனையை ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்தால், கட்டை கிடப்பதை மறந்து வண்டியை எடுக்கவும் நேராது.