டாரண்டுலா பெட்டிக்கு நார் மில் கோகோபீட்: ஒன்றரை வருடம் பயன்படுத்திய பிறகு

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் டாரண்டுலா என்னும் பெரிய ரோமச் சிலந்தி வளர்ப்பவர், இருப்பதும் பொள்ளாச்சி, மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை பக்கம் என்றால், பெட் கடையில் கலர் கவரில் விற்கும் 650 கிராம் கோகோபீட் கட்டியை வாங்காதீர்கள். நேராக ஒரு நார் மில்லுக்குப் போய் 5 கிலோ கட்டி கேளுங்கள், 'லோ இ.சி.', அதாவது உப்பு குறைந்த சரக்கு என்று சொல்லிக் கேளுங்கள். சிலந்தி வளர்ப்பவர்கள் பலர் பெட்டிக்குள் தரையாகப் போடுவது தேங்காய் மட்டையிலிருந்து வருகிற இதே தூளைத்தான்.

என்னிடம் இப்போது 14 சிலந்திகள் இருக்கின்றன. மெக்சிகன் ரெட் நீ மூன்று, ஹோண்டுராஸ் கர்லி ஹேர் நான்கு, குழி தோண்டி வாழும் தாய்லாந்து சிலோபிராக்கிஸ் இரண்டு, மீதி எல்லாம் ஸ்லிங், அதாவது இன்னும் விரல் நகம் அளவுகூட வராத குஞ்சுகள். சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் வருபவற்றை 2024இல் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்கிறேன், நீங்களும் செய்துவிடுங்கள். அப்புறம் 'முதலமடைப் பக்கம் மாமரப் பொந்தில் பெரிய சிலந்தி பார்த்தேன், பிடித்துத் தரவா' என்று யாராவது கேட்டால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் மலையோர மரப்பொந்துகளில் வாழும் பொசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019 முதல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அது அந்த மரத்திலேயே இருக்கட்டும்.

சரி, மில்லுக்கு வருகிறேன். நான் போனது எல்லை தாண்டி பொள்ளாச்சி சாலையில் இருக்கும் ஒரு சின்ன மில். களத்தில் தூளைக் காயப்போட்டு ஒருவர் பலகையால் தள்ளிக்கொண்டிருந்தார். கட்டி வேண்டும் என்றதும் மேஸ்திரி, "ஏனுங்க, நர்சரி வெச்சிருக்கீங்களா?" என்றார். "இல்லீங்க, எட்டுக்கால் பூச்சி வளர்க்கிறேனுங்க" என்று சொல்லி போனில் ஒரு படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப உரம் கலந்தது உங்களுக்கு ஆகாதுங்களே" என்றார். நான் கேட்காமலே அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த மில்லை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

உரம் ஏன் ஆகாது, உப்பு ஏன் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மட்டையிலிருந்து வரும் தூளில் இயல்பாகவே சோடியம், பொட்டாசியம் உப்பு இருக்கும். ஊறவைக்கும் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் ஏறும். நல்ல தண்ணீரில் பலமுறை கழுவிக் காயவைத்தால் உப்பு இறங்கிவிடும், அதுதான் லோ இ.சி., கழுவாமல் அழுத்தினால் ஹை இ.சி. பஃபர்டு என்று மூன்றாவதாக ஒன்று உண்டு, அதில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவியிருப்பார்கள், தக்காளிப் பண்ணைக்கு அருமையான சரக்கு, நமக்குத் தேவையே இல்லை. டாரண்டுலா தண்ணீர்க் கிண்ணத்தில் மட்டும் குடிப்பதில்லை. ஈரமாக இருக்கும் தூளில் வாயை அழுத்திக்கொண்டு அப்படியே உறிஞ்சும், குஞ்சுகளும் அப்படிக் குடிக்கும். அது வாய் வைக்கிற பொருளில் உப்பும் உரமும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் உப்பின் அளவைக் காட்டும் ஒரு பேனா மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு கட்டியிலும் ஒரு கைப்பிடி கரைத்துப் பார்ப்பேன். இந்த மில் சரக்கு ஒருமுறைகூட 0.5க்கு மேல் காட்டியதில்லை.

அளவைப் பொறுத்தவரை 5 கிலோ கட்டி என்பது முப்பது சென்டிமீட்டர் சதுரம், பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் 20, 25 லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு 70 லிட்டர் தூளாக விரியும். துணி துவைக்கும் பெரிய டப்பில் போட்டுச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் ஓரத்தில் முதலில் வெடிப்பு விழும், பிறகு தட்டுத் தட்டாகப் பிரியும், புது மழை விழுந்த தென்னந்தோப்பு வாசனை வீடு முழுக்க வரும். மொத்தத்தையும் ஒரே நாளில் கரைக்க வேண்டாம், அரிவாளால் ஓரத்தில் தட்டி நான்கு துண்டாக்கிக்கொண்டால் போதும். கட்டி எனக்கு 160 ரூபாய்க்குக் கிடைத்தது. இதே 70 லிட்டரைப் பெட் கடைக் கட்டியாக வாங்கினால் எட்டு வேண்டும், ஒன்று 180 ரூபாய்.

பெட்டியில் போட்டபின் எப்படி இருக்கிறது? ரெட் நீக்கும் கர்லி ஹேருக்கும் அருமை. கரைத்த தூளை வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, கையில் பிடித்தால் உதிர்கிற பதத்தில் போட்டு, பாட்டிலின் அடிப்பாகத்தால் நன்றாக அழுத்துவேன். பெரிய ரெட் நீயைப் புதுப் பெட்டியில் விட்ட அன்று முன்னங்கால் இரண்டையும் நீட்டி, பொறுமையாக ஒரு சுற்று தட்டிப் பார்த்தது. அப்புறம் தூளைப் பட்டு நூலோடு சேர்த்து உருண்டையாக்கி, வாய்க்குக் கீழே அணைத்துப் பிடித்துக்கொண்டு மூலைக்குத் தூக்கிப் போனது. விடிவதற்குள் மரப்பட்டைக்கு அடியில் ஒரு அறை தயார். மூன்று மாதம் கழித்து அதே அறையில் மல்லாந்து படுத்துச் சட்டை உரித்தது. (மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டுவிடாதீர்கள், செத்தது கால்களை அடியில் சுருட்டிக்கொண்டு கிடக்கும்.) தூள் மெத்தென்று இருப்பதில் இன்னொரு நன்மை, ஏறி விழுந்தாலும் அடி குறைவு. தரைவாழ் சிலந்திக்கு வயிறு வெடித்தால் பிழைப்பது கஷ்டம், அதனால் தூள் மட்டத்திலிருந்து மூடி வரை அதன் கால் விரிவில் ஒன்றரை மடங்குக்கு மேல் உயரம் விடுவதில்லை. 70 லிட்டர் கையில் இருப்பதால் தாராளமாக நிரப்ப முடிகிறது.

குறையும் உண்டு. குழி தோண்டும் சிலோபிராக்கிஸுக்கு வெறும் கோகோபீட் போதாது. 20 சென்டிமீட்டர் ஆழம் போட்டேன், தோண்டிய சுரங்கம் காய்ந்ததும் இரண்டு தடவை சரிந்தது. இப்போது மருந்து, உரம் படாத செம்மண்ணைச் சலித்து, வெயிலில் காயவைத்து, ஆறு பங்கு தூளுக்கு நான்கு பங்கு மண் என்று கலக்கிறேன். சுரங்கம் கல் மாதிரி நிற்கிறது. ஏப்ரலில் இங்கே வெயில் 40ஐத் தொடும்போது வெறும் தூள் காய்ந்து சுருங்கி, பெட்டியின் ஓரத்தை விட்டு விலகிவிடும், மேலே தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் உருண்டு ஓடும். ஒரு ஸ்ட்ராவை மூலையில் அடிவரை செருகி அதன் வழியாக ஊற்றுவதுதான் வழி. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்துவிட்டால் இதற்கு நேர் எதிர், ஊற்றாமலே ஈரம் நிற்கும், இரண்டு பக்கமும் காற்றுத்துளை இல்லாத பெட்டியில் வெள்ளைப் பூஞ்சை வந்துவிடும். சிலந்தி தரையில் கால் வைக்காமல் சுவரிலேயே தொங்கினால் பெரும்பாலும் தூள் அதிக ஈரம் என்று அர்த்தம், உடனே மாற்றுங்கள்.

ஒரு கசப்பான அனுபவத்தையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மில்லில் சரக்கு இல்லை என்று ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் இரண்டு கட்டி வாங்கினேன். கவரில் '100 சதவீதம் இயற்கை' என்று போட்டிருந்தது. உடைத்தால் நடுவில் ஈரம், சாம்பல் நிறப் பூஞ்சை, புளித்த வாடை, மீட்டர் வைத்தால் 2க்கு மேல். ஊறவைத்தபோது சாக்கு தைக்கிற பிளாஸ்டிக் நூல் வேறு வந்தது, அது சிலந்தியின் கால் நகத்தில் சிக்கினால் காலே போய்விடும். படத்தோடு எழுதிப் போட்டேன், பணம் திரும்பவில்லை. மீட்டர் இல்லாமல் இருந்திருந்தால் அதைக் குஞ்சுகளுக்குப் போட்டிருப்பேன் என்று நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

இனி மே மாதக் கடைசியிலேயே மூன்று கட்டி வாங்கி வைத்துவிடுவேன். கட்டியைச் சிமென்ட் தரையில் வைக்காதீர்கள், ஈரம் இழுக்கும், எறும்பு கூடு கட்டும், அந்த எறும்பு சட்டை உரிக்கிற சிலந்தியிடம் வந்தால் காப்பாற்ற முடியாது. மரப்பலகை மேல், பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள், அந்த அறையில் கொசு மருந்தும் அடிக்காதீர்கள். மேஸ்திரியிடம் அடுத்த தடவை நார் இழை இன்னும் கொஞ்சம் சலித்த தூளில் அழுத்திய கட்டி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன், குஞ்சுகளின் சின்ன டப்பாவுக்கு அதுதான் தோது. களம் காய்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்றார்.