பூனைக் காதில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் பெஸ்ட் கண்ட்ரோலைக் கூப்பிடாதீர்கள்

இங்கிலாந்தின் தென்பகுதியில், குறிப்பாக கென்ட், சர்ரே பக்கத்துச் சுண்ணாம்பு மண் பகுதிகளில் நாயோ பூனையோ வளர்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை இங்கே ஹார்வெஸ்ட் மைட் என்கிற சின்னஞ்சிறு ஆரஞ்சுப் பூச்சியின் சீசன். அதை வைத்தே காசு பார்க்கிற பெஸ்ட் கண்ட்ரோல் (பூச்சி ஒழிப்பு) ஆட்கள் இருக்கிறார்கள். எங்களிடம் 340 பவுண்டு கறந்தவர்களும் அந்த ரகம்தான்.

செப்டம்பரில் எங்கள் பூனை காதைப் பிறாண்டிப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொண்டது. காது மடலின் ஓரத்தில் சின்னதாக ஒரு தோல் மடிப்பு இருக்குமே, அதற்குள் மிளகாய்த்தூளை அப்பியதுபோல ஆரஞ்சாக ஏதோ தெரிந்தது. நாய்க்குக் கால்விரல் இடுக்கிலும் அதேதான். வந்த ஆள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கார்பெட், சோபா, மெத்தை எல்லாவற்றிலும் முட்டை போட்டிருக்கிறது, வீடு முழுக்க மருந்தடிக்க வேண்டும் என்றார். மாமியாரின் கணுக்காலில் இருந்த தடிப்புகளைக் காட்டி வேறு பயமுறுத்தினார். நவம்பருக்குள் ஒரு பூச்சிகூட இருக்காது, அதற்கு கேரண்டி உண்டாம்.

இருக்காதுதான். மருந்தே அடிக்காவிட்டாலும் இருக்காது, குளிர் வந்தால் சீசன் முடிந்துவிடும்!

பிறகு வெட், அதாவது கால்நடை மருத்துவர், சொல்லித்தான் முழு விஷயமும் தெரிந்தது. கடிப்பது இந்தப் பூச்சியின் குஞ்சுப் பருவம் மட்டும்தான். ஆறு கால், சுமார் 0.2 மில்லிமீட்டர் நீளம். வெயில் அடிக்கிற உலர்ந்த நாட்களில் புல் நுனியில் ஏறிக் காத்திருந்து, உரசிப் போகும் எதன்மேலும் தொற்றிக்கொள்ளும். நாய், பூனை, மனிதர் என்ற பாகுபாடெல்லாம் அதற்கு இல்லை. மாமியாரின் கணுக்காலும் தோட்டத்தில் வாங்கிய கடிதான். அது இரத்தம் உறிஞ்சுவதில்லை. எச்சிலை விட்டுத் தோலைக் கரைத்து, அந்தச் சாற்றைக் குடிக்கிறது. சில நாளில் வயிறு நிரம்பித் தானாக உதிர்ந்துவிடும். வளர்ந்த பூச்சி மண்ணில் வாழ்கிறது, செல்லப்பிராணி பக்கமே வராது. முட்டையும் மண்ணில்தான். அப்புறம் மெத்தைக்கு எதற்கு மருந்து? பூச்சி உதிர்ந்த பிறகும் அரிப்பு கொஞ்ச நாள் நிற்காது. 'இன்னொரு தடவை அடிக்கணும்' என்று அவர்கள் திரும்பி வருவதற்கு அதுவே வசதி.

பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் வேறு ஒன்றில். 'பூனைக்கு ஒன்றும் ஆகாது, உடனே உள்ளே விடலாம்' என்றார் அந்த ஆள். கேனில் எழுதியிருந்த மருந்து பெர்மெத்ரின். நாய் அதைத் தாங்கும். பூனையின் ஈரலால் அதைச் சரியாக உடைக்க முடியாது, நடுக்கமும் வலிப்பும் வந்து செத்தே போகலாம். ஈரம் நன்றாகக் காயும்வரை பூனையை அந்தப் பக்கமே விடக்கூடாது. நல்லவேளை, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, "மருந்து மணம் போகும்வரைக்கும் பூனை என்னட்டையே நிக்கட்டும்" என்று வைத்துக்கொண்டார். இதே காரணத்தால், நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தையும் பூனைக் கழுத்தில் விடாதீர்கள்.

ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் நேரே வெட்டிடம் போங்கள். எங்களுக்கு ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயும் அரிப்புக்கு மாத்திரையும் கொடுத்தார். வீட்டில் முயல் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஃபிப்ரோனில் அதற்கு ஆகாது. சீசன் முடியும்வரை நாயைக் காலையிலேயே நடக்கக் கூட்டிப் போய்விடுங்கள், உயரமான புல் பக்கம் விட வேண்டாம். வந்ததும் அதன் கால்களையும் வயிற்றையும் கழுவிவிட்டால் போதும்.

ஏற்கெனவே ஆளை வரவழைத்துவிட்டீர்களா? 'இன்றே வேலையைத் தொடங்கலாம்' என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் வைத்துச் செய்கிற ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்ய இங்குள்ள 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் பொதுவாக இடம் இருக்கிறது. அந்தக் கையெழுத்தை வாங்கி வேலையையும் முடித்துவிட்டால் அது கையைவிட்டுப் போய்விடும். எங்களிடம் அப்படித்தான் வாங்கினார்கள். இப்போது, சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்கிற 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். 'பூச்சிதான் போய்விட்டதே' என்று பதில் வந்தது. 100 பவுண்டுக்கு மேல் கிரெடிட் கார்டில் கட்டியதால் கார்டு கம்பெனியிடமும் கேட்கலாம். வெட் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு அங்கேயும் விண்ணப்பம் போட்டாயிற்று.