சி10-இல் 5.3: லாங் ட்யூப் ஹெட்டரும் ஏழாம் நம்பர் பிளக்கும்

பழைய செவ்ரோலெட் சி10 பிக்கப்பில் 5.3 லிட்டர் வோர்டெக் வி8 எஞ்சினை இறக்கப்போகும் நண்பர் ஒருவர், எந்த ஹெட்டர் (எஞ்சினின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) போடலாம் என்று கேட்டிருந்தார். கேட்ட நேரம் சரியில்லை. ஏழாம் நம்பர் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் ஒயரை மறுபடியும் மாற்றிவிட்டு இப்போதுதான் எழுந்து வந்திருக்கிறேன்.

என் வண்டியும் இதே கூட்டுதான், 1970 மாடல். ஹெட்டர் லாங் ட்யூப், அதாவது நீளக் குழாய் ரகம்: 1¾ அங்குலக் குழாய், அவை ஒன்றுசேரும் 3 அங்குல கலெக்டர், செராமிக் பூச்சு. இழுவையைக் குறை சொல்லவே முடியாது. சுமையோடு மேடு ஏறும்போது நடு ஆர்பிஎம்மில் வண்டி தானாகவே முன்னே போகிறது. பூச்சு உரியவில்லை. எஞ்சினோடு இணையும் ஃப்ளேஞ்ச் தடித்த 3/8 அங்குலத் தகடு. பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, முதல் சுற்று 11, அப்புறம் 18 அடி-பவுண்டு என்று இறுக்கினேன். இன்றுவரை கசிவே இல்லை.

ஆனால் அந்த டிரைவர் பக்கம் இருக்கிறதே! ஸ்டியரிங் ஷாஃப்டுக்கு வழிவிட்டுக் குழாயை வளைத்ததில், பின்கோடியில் இருக்கும் ஏழாம் சிலிண்டரின் பிளக் மூடியை ஒட்டியே குழாய் போகிறது. இடையில் விரல்கூட நுழையாது. வெப்ப உறை மாட்டியும் ரப்பர் கருகி, தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது. சாதாரண பிளக் சாக்கெட் நேராக உட்காராது. முன்சக்கரத்தைக் கழற்றி, உள் ஃபெண்டர் வழியாகக் கையைவிட்டு, கண்ணால் பார்க்காமல் தடவித்தான் திருக வேண்டும். 'அப்படியே பொருந்தும்' என்று போட்டுத்தான் விற்றார்கள். பொருந்துகிறது, சரி. பிளக்கை என்றாவது மாற்றுவார்கள் என்பது வடிவமைத்த மகானுக்குத் தோன்றவில்லை போலும்.

ஹெட்டருக்குப் பதிலாக எஞ்சினோடு வரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் யோக்கியமில்லை. சூட்டில் அலுமினிய சிலிண்டர் ஹெட்டும் இரும்பு மேனிஃபோல்டும் ஒரே அளவில் விரியாது. அந்த இழுபறியில் ஓரத்து போல்ட்டின் தலை தெறிப்பது இந்த எஞ்சின்களின் பிறவிக்குணம். ஷார்ட்டி என்னும் குட்டைக் குழாய் ஹெட்டர் போட்டால் இடைஞ்சல் குறையும், இழுவையில் லாங் ட்யூப் அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது.

என் ஹெட்டரைக் கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டேன். நீங்கள் வாங்காதீர்கள். வார்ப்பிரும்பையே புது போல்ட் போட்டு மாட்டுங்கள். கேட்க மாட்டீர்கள், தெரியும். லாங் ட்யூப்தான் வேண்டுமென்றால், பின்னால் வரும் பைப்பை வெல்டிங் செய்வதற்கு முன்பே ஸ்டியரிங் ஷாஃப்டை மாட்டி, ஏழாம் பிளக்கை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வரவில்லையா, அன்றைக்கே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.