பேக்கப் எடுத்தாச்சு, திரும்ப வருமா?

"அண்ணா, என் பேர் எங்க?" என்று தம்பி கேட்டபோது எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற கையடக்க கேம் கன்சோலைக் கையில் வைத்துக்கொண்டு, திரையின் இடது மேல்மூலையில் இருக்கும் வட்டப் படங்களைத் தேடிக்கொண்டிருந்தான். என் படம் இருந்தது. அவனுடையது இல்லை. போன வாரம் கன்சோலைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்து, எப்போதோ சோதனைக்காக உருவாக்கிய ப்ரொஃபைல் என்று நினைத்து நான்தான் அதை அழித்திருந்தேன். "இவருடைய சேவ் டேட்டாவும் சேர்ந்து அழியும்" என்று, அதாவது ஆட்டத்தில் எதுவரை வந்தோம் என்ற பதிவும் போய்விடும் என்று, எச்சரிக்கை வரத்தான் செய்தது. அதை யார் படித்தார்கள்?

எண்பது மணி நேர ஆட்டம். அவன் ப்ரொஃபைலை எந்த அக்கவுண்டோடும் இணைக்கவில்லை, அதனால் க்ளவுடிலும், அதாவது இணையச் சேமிப்பிலும், எதுவும் இல்லை. இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அதற்குப் பிறகுதான் சேவ் ஃபைல் விஷயத்தை நான் உருப்படியாகக் கவனிக்க ஆரம்பித்தேன். பிஎஸ்பி, 3டிஎஸ், ஸ்விட்ச், இப்போது ஸ்டீம் டெக் என்று பல வருடமாகக் கையடக்க கன்சோல்களோடுதான் பொழுது போகிறது. இந்தக் காலத்தில் நான் இழந்த சேவ்களை எண்ணிப் பார்த்தால், பேக்கப் எடுக்காததால் போனதைவிட, அழிக்கும்போதும் திரும்பப் போடும்போதும் தப்பான பட்டனை அழுத்தியதால் போனதுதான் அதிகம்.

ஸ்விட்சில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சேவ் டேட்டா கேமோடு வாங்கும் கேட்ரிட்ஜிலும் இருக்காது, மைக்ரோ எஸ்டி கார்டிலும் இருக்காது. கன்சோலின் உள் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். கார்டில் இருப்பது டவுன்லோட் செய்த கேம், அப்டேட், ஸ்க்ரீன்ஷாட், வீடியோ இவைதான். நான் ஒரு வருடம் முழுக்க மாதம் தவறாமல் அந்தக் கார்டை கணினியில் நகலெடுத்து, தேதி போட்ட ஃபோல்டர்களில் அடுக்கி வைத்திருந்தேன். அத்தனையிலும் ஒரு சேவ்கூடக் கிடையாது! இதன் மறுபக்கம் ஒரு நல்ல செய்தி: இடம் போதவில்லை என்று ஒரு கேமை அழித்தால் அதன் சேவ் அழியாது. மறுபடி இறக்கிக்கொண்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சேவை அழிக்க அமைப்புகளுக்குள் போய்த் தனியாக அழிக்க வேண்டும், அல்லது என்னைப் போல ப்ரொஃபைலையே தூக்க வேண்டும்.

கன்சோலின் மென்பொருள் பூட்டை உடைக்காமல், முறையான வழியில் ஸ்விட்சில் பேக்கப் எடுக்க ஒரே வழி க்ளவுட்தான். 2018 செப்டம்பரில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவோடு சேர்ந்து வருகிறது. கேமின் மேல் வைத்து ப்ளஸ் பட்டனை அழுத்தினால் சேவ் க்ளவுடுக்குள் போகலாம். தானாக ஏற்றும் வசதியை இயக்கிவிட்டால் நாம் எதுவும் செய்ய வேண்டாம். நான்கைந்து வருடமாக எனக்கு அது ஒருமுறையும் சொதப்பவில்லை. ஆனால் ஒரு கேமுக்கு ஒரு ப்ரொஃபைலுக்கு ஒரே ஒரு நகல்தான். புதியது ஏறினால் பழையது போய்விடும். 'போன செவ்வாய்க்கிழமை இருந்த நிலைக்குப் போக வேண்டும்' என்றால் முடியாது. சந்தா முடிந்துவிட்டால் 180 நாள்களுக்குள் புதுப்பித்துக்கொண்டால் பழைய சேவ்கள் கிடைக்கும். அதற்கு மேல் நம்பியிருக்கக் கூடாது.

எல்லாக் கேமும் இதற்குள் வராது என்பது இன்னொரு விஷயம். ஸ்ப்ளட்டூன் 2, போக்கிமான் ஸ்வோர்ட், ஷீல்ட் போன்றவற்றுக்கு க்ளவுட் சேவ் இல்லை. நண்பனுக்கு ஒரு போக்கிமானைக் கொடுத்துவிட்டு, பழைய சேவை இறக்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதையும், ஆன்லைனில் தோற்றுவிட்டுப் பழைய தரவரிசைக்குத் தாவுவதையும் தடுக்கத்தான் இப்படி என்று சொல்லப்பட்டது. காரணம் நியாயமானதுதான். நூறு மணி நேரம் ஆடியவனுக்கு அந்த நியாயம் ஆறுதல் தராது என்பது வேறு விஷயம். அனிமல் க்ராஸிங்: நியூ ஹொரைசன்ஸுக்கு இன்னொரு கதை. அதில் நாம் உருவாக்கும் தீவு முழுக்க அந்த கன்சோலுக்குச் சொந்தம். 2020 ஜூலை இறுதியில் வந்த அப்டேட்டுக்குப் பிறகுதான் தீவுக்கென்று தனி பேக்கப் வந்தது. அதை கேமுக்குள் போய் நாமே இயக்க வேண்டும்.

வேறு ஸ்விட்சுக்கு மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். சந்தா இல்லாமலே சேவை நேரடியாக ஒரு கன்சோலிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பலாம். ஆனால் அது நகல் எடுக்காது, இடம் மாற்றும். அனுப்பி முடித்ததும் பழைய கன்சோலில் அந்த சேவ் இருக்காது. நான் பழையதை விற்கும் முன், 'எதற்கும் ஒன்று இங்கேயும் இருக்கட்டும்' என்று திறந்து பார்த்து ஒரு நிமிடம் வெலவெலத்துப் போனேன். புதியதில் பத்திரமாக இருந்தது.

இன்னொரு முறை என் ஸ்விட்ச் அப்டேட்டுக்குப் பிறகு லோகோவிலேயே நின்றுவிட்டது. வால்யூம் பட்டன் இரண்டையும் பிடித்துக்கொண்டு பவரை அழுத்தினால் பராமரிப்பு முறை திறக்கும். அங்கே 'எல்லாவற்றையும் அழி' என்பதோடு, 'சேவ் டேட்டாவை விட்டுவிட்டு மற்றதை அழி' என்ற வரியும் இருக்கிறது. தம்பி சம்பவத்துக்குப் பிறகு நான் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கிறவனாக மாறியிருந்தேன். அதனால் தப்பித்தேன்.

அடுத்தது ஸ்டீம் டெக், அதாவது ஸ்டீம் கடையில் வாங்கிய கணினி கேம்களைக் கையில் வைத்து ஆடும் கருவி. இங்கேதான் நான் ரொம்பவும் தெரிந்தவன் மாதிரி நடந்துகொண்டு மாட்டினேன். ஸ்டீம் க்ளவுட் தானாகவே ஏற்றி இறக்கும், காசும் கேட்காது. ஆனால் பெரும்பாலான கேம்களில் ஏற்றுவது கேமை மூடும்போதுதான் நடக்கும். டெக்கில் யாராவது கேமை மூடுகிறார்களா? பவர் பட்டனைத் தட்டினால் தூங்கிவிடும், மறுபடி தட்டினால் விட்ட இடத்திலேயே எழுந்துகொள்ளும். அந்தச் சுகத்துக்காகத்தானே அதை வாங்கினோம். நான் மூன்று நாள் டெக்கில் கேமை மூடாமல் ஆடிவிட்டு, தூங்கவைத்து பையில் போட்டுவிட்டு, கணினியில் அதே கேமைத் திறந்து ஒரு மணி நேரம் ஆடினேன். இப்போது இரண்டு இடத்தில் இரண்டு வரலாறு. அடுத்த நாள் டெக்கில் கேமை மூடித் திறந்தபோது ஒரு பெட்டி வந்தது: இந்தக் கருவியில் உள்ள சேவா, க்ளவுடில் உள்ள சேவா? பக்கத்தில் தேதியும் நேரமும் இருந்தன. தேதி புதிதாக இருந்தது க்ளவுடில். சரி, புதியதுதானே நல்லது என்று அழுத்தினேன். ஒன்பது மணி நேர ஆட்டம் போய்ச் சேர்ந்தது. தேதியில் புதியதாக இருப்பது ஆட்டத்தில் முன்னேறியதாக இருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இப்போது அந்தப் பெட்டி வந்தால் இரண்டையும் தேர்வு செய்யாமல் ரத்து செய்துவிட்டு வெளியே வருகிறேன். டெக்கைக் கணினி மாதிரி பயன்படுத்தும் டெஸ்க்டாப் முறைக்குப் போய், கருவியில் இருக்கும் சேவ் ஃபோல்டரை வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் முடிவு. க்ளவுடில் இருப்பதை ஸ்டீம் கணக்கின் இணையப் பக்கத்திலிருந்தே இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும். விண்டோஸ் கேம்களின் சேவ் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் கொஞ்சம் தலைவலி. புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டருக்குள் ஸ்டீம், அதற்குள் கம்ப்பாட்டேட்டா, அதற்குள் பெயரே இல்லாமல் வெறும் எண்களாக ஃபோல்டர்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு கேம். இடம் அடைக்கிறதே என்று அதில் ஒன்றைக் குப்பையென்று நினைத்து அழித்தால், க்ளவுட் இல்லாத கேமாக இருந்தால், அவ்வளவுதான். லுடுசாவி என்ற இலவச மென்பொருள் இந்தத் தேடலை நமக்காகச் செய்கிறது. வாரம் ஒருமுறை அதை ஓடவிட்டு, முடிவை வேறொரு கணினிக்குத் தள்ளிவிடுகிறேன்.

இதையெல்லாம் பார்க்கும்போது பிஎஸ்பியின் அருமை தெரிகிறது. யூஎஸ்பி கம்பியைச் செருகினால் மெமரி ஸ்டிக் ஒரு சாதாரண ட்ரைவ் மாதிரி வந்து நிற்கும். பிஎஸ்பி என்ற ஃபோல்டர், அதற்குள் சேவ்டேட்டா. இழுத்துக் கணினியில் போட்டால் பேக்கப். திரும்ப இழுத்துப் போட்டால் ரீஸ்டோர். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. 3டிஎஸ் வந்ததும் கார்டில் இருப்பது அந்த கன்சோலுக்கான சாவியால் பூட்டப்பட்டுவிட்டது. நகலெடுக்கலாம், வேறு கன்சோலில் திறக்காது. டவுன்லோட் செய்த கேம்களுக்கு மட்டும் 30 இடங்களோடு ஒரு பேக்கப் வசதி கொடுத்தார்கள். அது போதுமானதாகத்தான் இருந்தது.

எமுலேட்டர், அதாவது பழைய கன்சோல்களைப் போல நடித்து அவற்றின் கேம்களை ஓட்டும் மென்பொருள், ஓடும் சின்னக் கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. சேவ் ஸ்டேட் என்பதை பேக்கப்பாக நினைக்காதீர்கள். அது அந்த எமுலேட்டரின் அந்த நிமிடத்துப் புகைப்படம். எமுலேட்டரைப் புதுப்பித்த அன்று என்னுடைய இருபது ஸ்டேட்களில் பாதி திறக்கவே இல்லை. கேமுக்குள்ளேயே போய் முறையாக சேவ் செய்தவை எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. சில இடங்களில் ஃபைலின் கடைசி மூன்று எழுத்தை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. பழைய கேம் பாய் கேட்ரிட்ஜ்களில் இன்னும் ஆபத்து: பலவற்றில் சேவைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே பற்றவைத்த ஒரு வட்ட பேட்டரி. அது தீர்ந்தாலும் போச்சு, மாற்றக் கழற்றினாலும் போச்சு. கேட்ரிட்ஜ் ரீடர் கிடைத்தால் முதலில் சேவை வெளியே எடுத்துவிட்டு அப்புறம் பேட்டரியில் கை வையுங்கள்.

இப்போது புதிதாக எந்தக் கருவி வந்தாலும் முதல் நாளே ஒரு வேலை செய்கிறேன். போனால் வருத்தப்பட மாட்டேன் என்ற ஒரு சின்னப் புதிர் கேமை எடுத்து இரண்டு கட்டம் ஆடுகிறேன். பேக்கப் எடுக்கிறேன். பிறகு கன்சோலில் இருக்கும் சேவை வேண்டுமென்றே அழிக்கிறேன், திரும்ப இறக்குகிறேன். மூன்றாவது கட்டத்தில் வந்து நிற்கிறதா என்று பார்க்கிறேன். மொத்தம் பத்து நிமிடம். எந்த பட்டன் ஏற்றும், எந்த பட்டன் இறக்கும், நடுவில் என்ன கேள்வி கேட்கும் என்பதெல்லாம் பதற்றம் இல்லாதபோதே தெரிந்துவிடும்.

தம்பி அந்த கேமை முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்த முறை அக்கவுண்டோடு இணைத்து, க்ளவுடும் இயக்கிக் கொடுத்தேன். அவன் ப்ரொஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் கன்சோலை என்னிடம் தரவில்லை. திரும்பிப் பார்த்தால் வட்டப் படத்துக்குக் கீழே ஆங்கில எழுத்தில் 'தொடாதே' என்று இருந்தது.