சமையலறைச் சுவரை எடுக்கலாமா? எங்கள் சாட்ஸ்வர்த் வீட்டு வேலை பற்றி

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை எடுக்க அங்கே ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை கொடுத்தோம். கட்டட வேலைக்கு முழு மதிப்பெண் தரலாம். ஆனால் அவர்கள் சொல்லி விற்கிற 'ஓப்பன் பிளான்' (சமையலறையும் கூடமும் சுவரில்லாமல் ஒன்றாக இருப்பது) நம் சமையலுக்கு அப்படியே ஒத்துவராது.

1960களில் கட்டிய நகராட்சி வீடு, ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது. அதனால் சுத்தியலைத் தொடும் முன்பே பொறியாளரைக் கூட்டிவந்து கூரைப் பாரம் நாங்கள் எடுக்க நினைத்த சுவர் மேல் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். இறங்குகிறது. வரைபடம் டர்பனின் எத்தெக்வினி நகராட்சிக்குப் போய் அனுமதி வந்த பிறகுதான் முட்டுக் கொடுத்து, பாரம் தாங்கக் குறுக்கே கான்கிரீட் லிண்டல் ஏற்றி, கல்லைக் கழற்றினார்கள். கூரையில் ஒரு விரிசல் இல்லை. "அனுமதியெல்லாம் எதுக்கு, ஒரே நாளில் இடித்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இப்போது காலை வெயில் கூடம் வரை வருகிறது, அம்மா சமைத்துக்கொண்டே பேரப்பிள்ளைகளோடு பேசுகிறார்.

சிக்கல் தாளிப்பில் ஆரம்பிக்கிறது. எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து, காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் விழுந்தால் சோபாவில் இருப்பவர் இருமுகிறார். ஷாட் மீன் பொரித்த வாடை திரைச்சீலையில் ஏறினால், டர்பன் கோடைப் புழுக்கத்தில் லேசில் போகாது. கூடத்து மூலையில்தான் எங்கள் காமாட்சி விளக்கு. புரட்டாசியில் வீடே மரக்கறி, கவலையில்லை. மற்ற மாதங்களில் மீன், கறி வாடை விளக்குப் பக்கம் வருவது அம்மாவுக்குப் பெரிய மனக்குறை.

அவர்கள் மாட்டிய எக்ஸ்ட்ராக்டர் புகையை இழுத்து, கரி வடிகட்டி வழியாகத் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடுகிற வகை. எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், வாடையைக் கொஞ்சம் குறைக்கும், நீராவி அப்படியே உள்ளே நிற்கும். கேட்டால் "பேக்கேஜில் இதுதான் வரும்" என்றார்கள், இது எனக்குப் பிடிக்கவே இல்லை. தனியாகக் காசு கொடுத்து வெளிச்சுவரில் துளை போட்டுக் குழாய் விட்ட பிறகு பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதிக்கு, சுவர் இருந்த இடத்தில் கண்ணாடித் தள்ளுகதவு போடச் சொன்னோம். அதை அருமையாகச் செய்தார்கள். தண்டவாளம் மேலேதான், தரையில் பள்ளம் இல்லை. அம்மாவுக்குக் கால் தடுக்காது, பிசுக்கும் சேராது. தாளிக்கும்போது இழுத்துவிடுவோம், அப்புறம் திறந்துவிடுவோம். நண்டுக்கறி நாளில்கூடக் கூடத்தில் உட்கார முடிகிறது. இவர்களிடம் வேலை கொடுப்பதானால் தாராளமாகக் கொடுங்கள். விலை பேசும்போதே கதவையும், வெளியே போகிற குழாயையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.