வேடந்தாங்கலா, வால்பாறையா? இரண்டு நாள் போட்டோகிராஃபி வகுப்புக்கு எங்கே போவது

எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது வால்பாறையில் எடுத்த சோலைமந்திக் குரங்கின் படம். அதைப் பார்த்துவிட்டு யாராவது, "நானும் ஒரு வீக்எண்ட் ஒர்க்‌ஷாப் போகலாம்னு இருக்கேன், வால்பாறைக்கே போயிடட்டுமா?" என்று கேட்டால், வேடந்தாங்கல் போங்கள் என்கிறேன். முகம் சுருங்கிவிடும். இரண்டு இடத்துக்கும் பணம் கட்டி மாணவனாகப் போனவன் என்பதால் காரணத்தை எழுதிவிடுகிறேன். சென்னையில் இருந்துகொண்டு, சனி ஞாயிறு மட்டுமே கையில் உள்ளவர்களுக்கான கணக்கு இது. கோவைக்காரர்கள் பாதியைத் தாண்டிப் போகலாம்.

முதலில் வெளிச்சத்தை எண்ண வேண்டும். காலையில் முதல் இரண்டு மணி நேரம், மாலையில் கடைசி இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் உருப்படியான வெளிச்சம். வால்பாறைக்கு வெள்ளி இரவு கோவை ரயில், காலையில் பொள்ளாச்சி பஸ், அப்புறம் 40 கொண்டை ஊசி வளைவுகள். அறையில் பையை இறக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிடும். ஞாயிறு இரவு ரயிலைப் பிடிக்க மதியமே மலையிறங்க வேண்டும். ஆக சனி மாலை ஒன்று, ஞாயிறு காலை ஒன்று. மேகம் இறங்கினால் அதுவும் போச்சு. வேடந்தாங்கல் சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, படாளம் கூட்ரோட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பினாலும் வெளிச்சம் வரும்போது கரையில் நிற்கலாம். இரண்டு நாளில் நான்கு முறை படமெடுக்கலாம். நடுவில் வெயில் ஏறிய நேரத்தில், எடுத்ததை லேப்டாப்பில் போட்டு வாத்தியாரிடம் திட்டு வாங்கலாம்.

நான்கு முறையும் அதே கரையா என்றால், ஆமாம், அதே கரைதான். அதில்தான் லாபமே இருக்கிறது. வேடந்தாங்கல் 30 ஹெக்டேர் அளவிலான சின்ன ஏரி. தண்ணீருக்குள் நீர்க்கடம்பு மரங்கள், அவற்றின் தலையில் கூடுகள். சங்குவளை நாரை குஞ்சுக்கு மீன் கொண்டுவரும், போகும், மறுபடி அதே கூட்டுக்கு வரும். இப்போது கோட்டைவிட்ட காட்சி கொஞ்ச நேரத்தில் திரும்பவும் நடக்கும். தப்பு செய்து, ஏன் தப்பானது என்று கேட்டு, திருத்திக்கொண்டு அதையே மறுபடி எடுக்க முடிகிற இடம் நம் பக்கத்தில் இதைவிட எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு உதாரணம். முதல் நாள் காலை, பறக்கக் கிளம்பும் நாரைக்காகப் பட்டனை அழுத்தி அழுத்தி முந்நூறு படம் எடுத்திருந்தேன். எல்லாவற்றிலும் வெறும் கிளை, இல்லாவிட்டால் பாதி வால். சொல்லிக்கொடுக்க வந்த இளைஞர் அதையெல்லாம் தள்ளிப் பார்த்துவிட்டு, "அண்ணா, அது எச்சம் போடுறதைப் பாத்தீங்களா? போட்டுட்டு முன்னாடி குனிஞ்சா கிளம்பப் போகுதுன்னு அர்த்தம்" என்றார். எப்போதும் அப்படி என்றில்லை, ஆனால் பல முறை பலித்தது. இன்னொன்றும் சொன்னார்: பெரிய பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும், இறங்கும். காற்று நம் முதுகில் படும்படி நின்றால் அவை நம் முகத்தைப் பார்த்து வரும். மாலையில் இடம் மாறி நின்று, ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்கு ஏற்றி வைத்தேன். ஒரு கூழைக்கடா கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு நேரே வந்து தண்ணீரில் இறங்கியது. வால் வெட்டுப்படாத என் முதல் படம் அது.

வெள்ளைக் கொக்கு இன்னொரு பாடம். பின்னால் கரும்பச்சை மரம் இருப்பதால் கேமரா மொத்தக் காட்சியும் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கின் இறகெல்லாம் சுண்ணாம்பாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸில் ஒரு படி இறக்கினால் இறகு தெரிகிறது. புத்தகத்தில் படித்தது அங்கே மூன்றாவது முயற்சியில்தான் கைக்கு வந்தது.

இந்தப் பறவைகள் மனிதர்களைக் கண்டு அலறி ஓடாததற்குப் பழைய கதை ஒன்று உண்டு. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்த ஊர்க்காரர்கள், பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கிவிட்டார்கள். நாம் கரையில் நின்று பாடம் படிப்பது அந்த ஊர் செய்த காரியத்தின் மிச்சத்தில்.

குறைகளும் இருக்கின்றன. கூடுகள் கரையிலிருந்து தள்ளி இருப்பதால் தூரத்தைக் கிட்டே இழுக்கும் 400 மில்லிமீட்டர் லென்ஸ் இல்லாமல் போனால் ஏரியைத்தான் படமெடுக்க வேண்டும். ஞாயிறு பத்து மணிக்கு மேல் குடும்பங்கள், சிப்ஸ் பாக்கெட்டுகள், செல்ஃபி. அப்போது பக்கத்தில் இருக்கும் கரிக்கிலி பறவைகள் சரணாலயத்துக்கு நழுவிவிடலாம், அங்கே கூட்டம் குறைவு. நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன், வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அதுவும் சந்தேகம். அப்புறம், நீங்கள் எடுக்கும் நாரையை உங்களுக்கு முன்னால் ஆயிரம் பேர் அதே கோணத்தில் எடுத்திருப்பார்கள்.

சரி, வால்பாறை. ஆழியாறு தாண்டி ஏறும்போது ஒன்பதாவது வளைவிலேயே பெரும்பாலும் வரையாடு தரிசனம் கிடைத்துவிடும். பாறை விளிம்பில், கீழே அணைத் தண்ணீர் மினுங்க, மாடல் மாதிரி நிற்கும். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத குரங்கு. அவை சாலையைக் கடக்க மேலே தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். தேயிலைக்கு நடுவே காட்டுமாடு, ஆளுயர மூங்கிலுக்குப் பின்னால் யானையின் காது. படத்துக்குப் பஞ்சமே இல்லை.

பாடத்துக்குத்தான் பஞ்சம். மந்திக் கூட்டம் வந்தால் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் படமெடுப்பார்கள், சொல்லிக்கொடுப்பவரும் தன் கேமராவை எடுத்துவிடுவார். கூட்டம் நகர்ந்ததும் எல்லாம் முடிந்தது. என் சுவரில் இருக்கும் படம் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. கறுப்பு முடியைக் கேமரா சாம்பலாக்கும் என்பதும், வெள்ளை வானத்துக்கு முன்னால் இருக்கும் இருவாச்சிப் பறவை வெறும் நிழலாகிவிடும், அதற்கு வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும் என்பதும் வேடந்தாங்கல் பாடத்தின் மறுபக்கம். அதை முன்பே படித்திருந்ததால்தான் ஏதோ தேறியது. ஏற்கெனவே கேமரா கைக்குப் பழகியவர்களுக்கு வால்பாறை சொர்க்கம். அட்டை கடிக்காமல் இருக்கக் காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

புலியைக் காட்டுகிறோம் என்னும் ஜீப் சஃபாரி வகுப்புகளையும் கேட்கிறார்கள். வண்டியை விட்டு இறங்க முடியாது, எங்கே நிறுத்துவது என்பது டிரைவர் கையில், பக்கத்து சீட்காரரின் முழங்கை உங்கள் லென்ஸில். கற்றுக்கொள்ள அல்ல, புலி பார்க்கப் போங்கள்.

இடத்தைவிட ஆளைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதை நான் சூடுபட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மலை வகுப்பில், சொல்லிக்கொடுக்க வந்தவர் மொபைலில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு ஒரு சின்னப் பறவையைத் திரும்பத் திரும்ப வரவழைத்தார். போட்டியாள் வந்துவிட்டான் என்று நினைத்து அது அலைந்துகொண்டே இருந்தது. எங்களுக்கு நல்ல படம் கிடைத்தது, நான் அதை யாருக்கும் காட்டுவதில்லை. இப்போதெல்லாம் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேட்கிறேன்: ஒரு வாத்தியாருக்கு எத்தனை பேர், குரல் ஒலிக்கவிடுவீர்களா, இருவாச்சிக் கூட்டுக்குக் கூட்டிப்போவீர்களா. மூன்றாவதற்கு உற்சாகமாக ஆமாம் என்றால் போனை வைத்துவிடுவேன். பெட்டை இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னையே அடைத்துக்கொண்டு ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பி உட்கார்ந்திருக்கும். கீழே பத்து லென்ஸ் நின்றால் ஆண் கிட்டே வரத் தயங்கும்.

செலவில் இரண்டுக்கும் எட்டாத தூரம். வேடந்தாங்கலில் வகுப்புக் கட்டணம் போக நுழைவுச்சீட்டு, கேமரா சீட்டு, பெட்ரோல். வால்பாறையில் தங்குமிடமும் ஜீப்பும் சேர்ந்து வகுப்புக் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

ஜனவரியில் மறுபடி வேடந்தாங்கல் போகப் பெயர் கொடுத்திருக்கிறேன், இந்த முறை தங்கை மகளோடு. சுவரில் இருக்கும் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாமா, அங்க இந்தக் குரங்கு இருக்காதா?"