தண்டையார்பேட்டை – கோவை: ஃபிளைட்டா, வந்தே பாரத்தா, சேரனா?

சென்னை–கோவை ஃபிளைட் எவ்வளவு நேரம் என்று தேடினால் 1 மணி 10 நிமிடம், 1 மணி 15 நிமிடம் என்று வரும். அதிலும் வானத்தில் பறப்பது முக்கால் மணி சொச்சம்தான்; மிச்சமெல்லாம் ரன்வேக்குப் போக, வர, வரிசையில் நிற்க. நேர்கோட்டில் 400 கிலோமீட்டர் சொச்சம். தண்டவாளத்தில் 500-க்குக் கொஞ்சம் குறைவு, ரோட்டில் 500-க்குக் கொஞ்சம் அதிகம். வந்தே பாரத் 5 மணி 50 நிமிடம். ஆக ஃபிளைட்டில் நாலரை மணி நேரம் மிச்சம்.

மீனம்பாக்கத்தில் குடியிருப்பவருக்கு இந்தக் கணக்கு சரி. நம்ம வீடு தண்டையார்பேட்டை.

காலை 10 மணி ஃபிளைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். பை போட்டு, செக்யூரிட்டி தாண்ட எட்டேகாலுக்காவது அங்கே நிற்கணும். மெட்ரோவில் ஒரே வண்டிதான், ஆனாலும் ஊரை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அளக்கணும். ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டினால்தான் நிம்மதி. 11.15-க்குப் பீளமேட்டில் இறங்கி, பெல்ட்டில் பை வரும்வரை நின்று, ஆட்டோ பிடித்து டவுன்ஹால் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனால் 12.15. ஐந்தேகால் மணி நேரம்.

வந்தே பாரத் மதியம் இரண்டரை வாக்கில் சென்ட்ரலில் எடுக்கிறது. நமக்கு சென்ட்ரல் மெட்ரோவில் ஐந்தாவது ஸ்டேஷன். ஒன்றரைக்கு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கிளம்பலாம். எட்டேகால் வாக்கில் கோவை ஜங்ஷன். அங்கிருந்து டவுன்ஹால் கூப்பிடு தூரம். எட்டரைக்கு வீடு. ஏழு மணி நேரம். நாலரை என்றது ஒன்றேமுக்காலாக இளைத்துவிட்டது! அக்கா வீடு ஏர்போர்ட்டுக்குக் கிட்டே ஹோப் காலேஜ் பக்கம் இருந்திருந்தால் ஃபிளைட்டுக்கே ஓட்டு போட்டிருப்பேன், அது வேறு.

இதுவும் மெட்ரோ வந்ததால்தான். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை வந்தது, 2021 பிப்ரவரியில்தான் விம்கோ நகர் வரை நீண்டது. அதற்கு முன்பு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டாக்ஸியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்த காலம். இப்போதும் காலை 6 மணி ஃபிளைட்டுக்கு மெட்ரோ உதவாது. முதல் வண்டியே ஐந்துக்குத்தான்.

பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும்.

மழைக்காலத்தில் எது நம்பிக்கை என்று கேட்டால், இரண்டுமே இல்லை. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று ஏர்போர்ட்டையும் மூடினார்கள். வியாசர்பாடி–பேசின் பிரிட்ஜ் நடுவே பாலத்தில் தண்ணீர் ஏறி சென்ட்ரல் ரயில்களும் நின்றன.

என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை, ராத்திரி ரயிலான சேரன் எக்ஸ்பிரஸுக்கு. ராத்திரி பத்து மணி வாக்கில் ஏறிப் படுத்தால் விடிகாலையில் கோவை. எட்டு மணி நேரம்தான், ஆனால் அது எப்படியும் தூங்கப்போகிற நேரம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அக்கா போனில் முதலில் கேட்பதே, "காசிமேட்டு நெத்திலிக் கருவாடு எடுத்தாறியாடா?" என்றுதான். அந்தப் பொட்டலத்தோடு செக்யூரிட்டி வரிசையில் நிற்க எனக்குத் தைரியமில்லை. போன தடவை நாலு கவர் சுற்றி லோயர் பர்த்துக்கு அடியில் தள்ளினேன். அரக்கோணம் தாண்டியதும் எதிர் பர்த் பெரியவர் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "நெத்திலியா, வாளையா தம்பி?"